ஏலமலைச் சாரலில் ஓர் எழுதுகோல்

போடிநாயக்கனூரில் இரண்டு ஏலங்கள் உள. ஒன்று மலைமேல் விளைவது. மற்றொன்று ஊருக்குள் நடப்பது. முன்னது பசுந்தமிழ்ச் சொல். செடிநூலார் அச்செடிக்கு உலகப் பொதுப்பெயராக இன்று வழங்கும் ‘எலெத்தாரியா’ என்பதும் மேற்குமலைச் சாரல் மக்களின் வாயிலிருந்து அயலார் கேட்டு எடுத்துச் சென்ற பெயரே. பின்னதோ போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். கூவி விற்பதைக் குறித்த அவர்தம் மொழிச் சொல் கடற்கரை வழியே நாட்டினுள் புகுந்து தமிழர் நாவில் ஏலமாயிற்று. ஏலத்தை ஏலம் விடுதல் என்று ஊரார் சொல்லும்போது விளைத்தவன் சொல்லும் விலைகூறியவன் சொல்லும் ஒரே தொடரில் அருகருகே நிற்கின்றன. இவ்விரண்டிற்கும் நடுவே, பெயர் பெறாத ஒரு தொழில் நாள்தோறும் நடைபெறுகின்றது. இக்கட்டுரை அத்தொழிலினின்று தொடங்குகின்றது.

மலையில் பறித்த பச்சைக்காய் கொட்டிலில் இளவெப்பத்தில் உலர்த்தப்படும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய் தேறும். அந்த ஒரு கிலோவின் விலையை உறுதி செய்வன இரண்டு: பருமனும் நிறமும். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய் ஒருபால். அதனிற் சிறியது வேறொருபால். பசுமை மாறாதது ஒருபால்; வெளிறியது, பழுப்பேறியது, வெடித்தது வேறுபால். பருமனைச் சல்லடை பிரித்துவிடும். நிறத்தைப் பிரிப்பது பெண்களின் கண். குவித்த காய்களின் முன் காலை முதல் மாலை வரை அமர்ந்து, கிளிப்பச்சை எது, பாசிப்பச்சை எது, மங்கிய பச்சை எது என்று விரல்நுனியால் ஒதுக்கித் தள்ளும் அப்பெண்கள் எந்தக் கல்லூரியிலும் நிறக்கல்வி பயின்றவரல்லர். ஆயினும் பசுமை என்னும் ஒரே நிறத்துள் அவர்கள் காணும் வேறுபாடுகளை, ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் மாணாக்கர்க்குக் காட்டி முடிக்க ஓராண்டு வேண்டும்.

இத்தாயருள் பலர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் மலையே வயிற்றுப்பாட்டின் களம். விடியுமுன் போடியினின்றும் சுற்றுச் சிற்றூர்களினின்றும் வண்டிகளில் நெருக்கி அமர்ந்து, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயத் திரும்புகின்றனர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. அடியில், நிலத்தை ஒட்டிய சரங்களில் காய்ப்பது. ஆகலின் பறிப்பவள் நாள் முழுதும் குனிந்தே நிற்றல் வேண்டும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழர் மிகுந்து வாழ்ந்தும் கேரளத்தோடு சேர்ந்து போயின. அதனால் போடிப் பெண் ஒருத்தி கூலிக்குச் செல்வதென்பது இன்றும் ஒரு மாநில எல்லையைக் கடந்து சென்று மீள்வதாகவே உளது. நிலத்தை இழந்த கதை தமிழர் பலரும் அறிந்தது. கண்ணை இழந்துகொண்டிருக்கும் கதையே பேசப்படாதது.

இத்தகைய ஒரு தாயின் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, “ஓவியத்தையே பட்டப்படிப்பாகக் கற்பேன், சென்னையில் கிறித்தவக் கன்னியர் நடத்தும் கல்லூரியில் அதற்கு இடமுண்டு” என்று சொல்வாளாயின் என்ன நிகழும்? வீட்டார் மூன்று கேள்வி கேட்பர். படம் எழுதுவது ஒரு படிப்பா? வேற்றுச் சமயத்தார் கல்லூரிக்கா செல்வது? படித்து முடித்தபின் சோற்றுக்கு என்ன வழி? தமிழன்பர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வாரும் அவ்வீட்டிற்குச் சென்றால் நான்காவதாக ஒன்றைக் கேட்பர்: அங்கே எல்லாம் ஆங்கிலமன்றோ? இந்நான்கும் நேர்மையான கேள்விகளே. ஆகலின் நேர்மையாகவே விடையிறுத்தல் வேண்டும்.

முதற் கேள்விக்கு விடை தமிழ்மொழியின் அடிப்படையிலேயே கிடக்கின்றது. எழுதுதல் என்னும் வினை தமிழில் இரு தொழிலுக்கும் உரியது. மடலில் சொல்லைப் பொறிப்பவனும் எழுதுகின்றான். சுவரில் உருவைத் தீட்டுபவனும் எழுதுகின்றான். எழுத்தென்பது ஒலியின் வடிவத்திற்கும் பெயர், ஓவியத்திற்கும் பெயர். இவ்விரண்டையும் ஒரே வினையாற் குறித்த ஓர் இனம், அவற்றுள் ஒன்றைக் கல்வி என்றும் மற்றொன்றைக் கல்லாதார் பொழுதுபோக்கு என்றும் பிரித்தது யாங்ஙனம்? முன்னோர் அவ்வாறு பிரித்தாரல்லர். மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று குறிக்கின்றது. காண்பார் கண்ணினுள்ளே தம் வினையை நிறுத்துபவர் என்பது அப்பெயரின் கருத்து. நிறம் தீட்டாத கோட்டு வடிவத்திற்குப் புனையா ஓவியம் என்னும் பெயரை நெடுநல்வாடை வழங்குகின்றது. ஓவியத்திற்கு ஒரு செந்நூல் இருந்ததை மணிமேகலை அறிவிக்கின்றது. நூல் இருந்ததெனின் கற்பித்தாரும் கற்றாரும் இருந்தனர் என்பது வெளிப்படை.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நிகழ்ந்தனவும் அல்ல. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் காட்டுகின்றது. அங்கே மக்கள் சுவரோவியங்களைச் சுட்டி, இவர் யார், இஃது என்ன என்று ஒருவரையொருவர் வினவி விடை பெறுகின்றனர். அரசரும் புலவரும் மட்டும் அங்கு நின்றாரல்லர், பொதுமக்கள் நின்றனர். படத்தைப் பார்த்துத் தமிழில் வினவித் தமிழில் விடை பெற்றனர். போடியில் ஏறி மதுரையில் இறங்குவார்க்கு அக்குன்றம் கைக்கெட்டும் தொலைவே. இன்னும் அணித்தே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் வெளிப்பட்ட நடுகற்கள் தமிழி எழுத்துத் தாங்கியவை. நடுகற்களுள் மிகப் பழையன என்று ஆய்வாளர் மதிப்பவை. வைகையின் மேற்றலையில் வாழ்ந்த எளிய மக்கள் மாண்ட மறவனுக்குக் கல் நிறுத்தி அதன்மேல் பெயர் எழுதினர். உளி பிடித்த அக்கைக்கு உரியோர் ஆண்டிருந்த நிலத்தில், எழுதுகோல் பிடிக்க விரும்பும் பெண்ணைப் பார்த்து ‘இது படிப்பா’ என்று கேட்பது வரலாறு மறந்தார் கேள்வி.

போடிக்குள்ளேயே ஒரு சான்று உளது. பாளையக்காரர் வழியினரின் அரண்மனைச் சுவர்களில் இராமகாதை ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. கதை வடபுலத்தது என்று முகம் திருப்பிக்கொள்வாரும் தமிழன்பருள் உளர். கதை எதுவாயினும் ஆகுக. அச்சுவரில் உடுத்த உடையும் பூண்ட அணியும் கட்டிய மாளிகையும் ஊர்ந்த ஊர்தியும் அக்காலத்து வாழ்வைக் காட்டும் ஆவணங்கள். அவற்றை அளந்து, படியெடுத்து, நிறம் மங்குமுன் தமிழில் எழுதி வைக்க வல்ல ஒருவர் அவ்வூரிலிருந்தே கிளர்ந்தெழ வேண்டாவா? தஞ்சைப் பெருங்கோயிலின் உட்சுற்றில், பிற்கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்து கிடந்ததை 1931-இல் கண்டு உலகிற்கு உணர்த்தியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு. கே. கோவிந்தசாமி. அவர் சென்று பார்த்திராவிடின் அவை இன்னும் எத்துணை ஆண்டு இருளில் கிடந்திருக்குமோ! கற்ற கண் ஒன்று சென்று பார்க்கும் வரை சுவர் வெறுஞ்சுவரே.

அக்கண்ணைக் கற்பிக்கும் இடங்கள் எவை? 1850-இல் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய ஓவியப்பள்ளியே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கின்றது. குடந்தையில் அரசின் கவின்கலைக் கல்லூரி ஒன்று உண்டு. மாமல்லபுரத்தில் 1957-இல் தோன்றிய கட்டடச் சிற்பக் கல்லூரி உண்டு. இவை யாவும் மேற்குமலைச் சாரலுக்கு நெடுந்தொலைவில் கீழைக்கரைப் பக்கமே அமைந்தன. இடங்களோ சில, அவற்றிற்கு முந்துவாரோ பலர். மகளைத் தனியே தொலைவூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், பெண்களுக்கென்றே அமைந்த கல்லூரியையும் விடுதியையும் நாடுவது இயல்பு. அவ்விடத்தில்தான் கிறித்தவக் கல்லூரி வந்து நிற்கின்றது.

அயல்நாடுகளில் கிறித்தவப் பல்கலைக்கழகங்கள் தாமே பட்டம் வழங்குகின்றன. அண்டையிலுள்ள பெங்களூரில் 1969-இல் தொடங்கிய கிறித்து கல்லூரி 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ்நாட்டில் அப்பணியைப் பெரும்பாலும் கிறித்தவக் கல்லூரிகளே செய்கின்றன. படிப்பை அவை நடத்த, பட்டத்தை அரசின் பல்கலைக்கழகம் வழங்குகின்றது. சென்னையில் இசுடெல்லா மாரிசு என்னும் மகளிர் கல்லூரி 1947 ஆகசுட்டுத் திங்கள் 15-ஆம் நாள் கத்தோலிக்கக் கன்னியரால் தொடங்கப்பட்டது. இலத்தீன மொழியில் அப்பெயர்க்குக் கடல் விண்மீன் என்பது பொருள். 1987 முதல் தன்னாட்சி பெற்று விளங்கும் அக்கல்லூரியில் கவின்கலை ஒரு தனித்துறை. வரைதலும் வண்ணந் தீட்டலும் கலைவரலாறும் ஒருங்கே கற்று இளநிலைப் பட்டம் பெறும் வாய்ப்பை அத்துறை பெண்களுக்கு நெடுங்காலமாக அளித்து வருகின்றது. பொறியியலும் மருத்துவமுமே கல்வி என்று நாடே மயங்கிக் கிடந்த ஆண்டுகளிலும் ஓவியத்தைத் தலைப்பாடமாக வைத்துக் காத்தமைக்கு நன்றி சொல்லாமல் குறை மட்டும் சொல்வது தமிழ்ப் பண்பன்று.

இரண்டாம் கேள்விக்கு வருக. வேற்றுச் சமயத்தார் கல்லூரியில் பயின்றால் தன்னெறி கெடுமோ? இக்கேள்விக்குத் தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பு வரலாறே விடை கூறும். 1916-இல் அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராகப் பணிபுரிந்த இடம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. சூரியநாராயண சாத்திரியார் என்னும் வடசொற் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டவர் பயின்றதும் தமிழ் கற்பித்ததும் அக்கல்லூரியிலேயே. அடிகள் சிவனிய நெறியினின்று ஓரடியும் வழுவினாரல்லர். அக்கல்லூரியில் பணியாற்றிய காலத்திலேயே சிவனெறிக் கழகம் கண்டார். ஆக, தூய தமிழின் இருபெரு முன்னோடிகளும் கிறித்தவக் கூரையின்கீழ் நின்று தமிழுரைத்தவர்கள். தமிழ்ச் சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டி 1981-இல் மறைந்த மொழிஞாயிறு பாவாணர் பிறப்பாற் கிறித்தவர். அவர் நூல்களைத் தலைமேற் கொண்டு போற்றுவோர், ஒரு மாணவி கிறித்தவக் கல்லூரிக்குச் செல்வதைக் கண்டு அஞ்சுவது பொருந்துமா?

அஞ்சவேண்டியது வேறொன்று. அதனை உணர்த்துவதும் ஒரு கிறித்தவத் துறவியின் வாழ்வே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவர், கோணான்குப்பத்தில் மரியன்னைக்குக் கோயில் எடுத்தபோது, அத்திருவுருவைத் தமிழ்ப் பெண்ணின் சேலைக் கோலத்தில் அமைத்துப் பெரியநாயகி என்று தமிழ்ப்பெயரும் இட்டார். அவரே தமிழ் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுமாறு எழுத்தின் வடிவைத் திருத்தியவர். உருவத்தையும் எழுத்தையும் ஒருங்கே தொட்ட கை அது. தம் சமயம் இந்நிலத்தில் ஊன்ற வேண்டுமாயின் அது தமிழுடுத்தித் தமிழ் பேச வேண்டும் என்று அவர் தெளிந்தார். முந்நூறாண்டிற்கு முன் ஓர் அயல்நாட்டார் உணர்ந்ததை இன்றைக் கலைத்துறைகள் உணர்ந்தனவா என்பதே கேட்கத்தக்க கேள்வி. இது கிறித்தவக் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. அரசுக் கல்லூரிக்கும் உரியது.

ஏனெனில் தமிழன்பர் கேட்ட நான்காம் கேள்வியே யாவற்றினும் கூரியது. தமிழ்நாட்டில் ஓவியத்தைப் பட்டப்படிப்பாகக் கற்கும் மாணாக்கர் கையில் தவழும் கலைவரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். வகுப்பறைச் சொற்களோ ஏறத்தாழ முழுதும் ஆங்கிலம். ‘பெர்சுபெக்டிவ்’ என்று கேட்டு எழுதிக்கொள்கின்றனர். தொலைவுத் தோற்றம் என்றால் விளங்காதா? ‘அவுட்லைன்’ என்கின்றனர், புனையா ஓவியம் என்ற பெயர் ஈராயிரம் ஆண்டாகக் காத்துக் கிடக்கின்றதே! ‘பிரசு’ என்கின்றனர், துகிலிகை, வட்டிகை என்னும் சொற்கள் பழந்தமிழ்ப் பாக்களில் உறங்குகின்றனவே! ஏலக்காய்க் குவியலின் முன் தாய் அமர்ந்து நிறம் பிரித்ததைப் பார்த்து வளர்ந்த மகள், மூன்றாண்டு கழித்து ஊர் திரும்பும்போது நிறத்தைப் பற்றித் தாயிடம் ஒரு சொல்லும் சொல்லவியலாதவளாய்த் திரும்புவாளாயின், அக்கல்வி அவளுக்குக் கொடுத்ததினும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது மிகுதி. தாயின் கண்ணுக்குச் சொல் இல்லை. மகளின் சொல்லுக்கு ஊர் இல்லை. இதுவே அஞ்சத்தக்கது.

ஆங்கிலம் கற்பதால் வரும் கேடன்று இது. தமிழ் அங்கே இல்லாமையால் வரும் கேடு. அவ்விடத்தில் தமிழை வைக்கத் தவறியவர் யார்? கன்னியரைக் கேட்பதற்கு முன் தமிழர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓவியக் கலைச்சொற்களைத் தொகுத்து, கல்லூரி மாணாக்கர் பையில் வைத்துச் செல்லும் அளவில் ஒரு கையேட்டைத் தமிழ்ப்புலவர் எத்துணைப்பேர் எழுதித் தந்தனர்? சித்தன்னவாசலை ‘தமிழர் பெருமை’ என்று மேடையில் முழங்குவார் பலர். அங்குள்ள தாமரைப் பொய்கையில் கோடு எவ்வாறு ஓடுகின்றது, நிறம் எதனால் ஆயது என்று பத்துப் பக்கம் எழுத வல்லார் அவருள் எத்துணைப்பேர்? பெருமை பேசுவது எளிது. பொருளை அறிவது அரிது. அறியாத பெருமை நெடுநாள் நில்லாது.

எழுத்தையும் ஓவியத்தையும் மீண்டும் ஒன்றாக்கிக் காட்டியோர் இல்லாமலும் இல்லை. கோவையில் 1911-இல் பிறந்து, 1957 முதல் சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக விளங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் சிற்றூரை நிறுவிய கே. சி. எசு. பணிக்கர், 1963 அளவில் ‘சொற்களும் குறிகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதில் அவர் தீட்டியது தம் தாய்மொழியாகிய மலையாளத்தின் எழுத்துகளை. ஐரோப்பியரைப் படியெடுத்து எழுதிச் சலித்த ஒருவர், தம் தாய்மொழியின் வரிவடிவத்தில் தம் வழியைக் கண்டார். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்து 2008-இல் மறைந்த ஆதிமூலம் அதே கல்லூரியில் பயின்றவர். அவர் கைபட்டுத் தமிழ் இதழ்களின் தலைப்பெழுத்துகளும் நூல்களின் மேலட்டைகளும் புதுநடை பெற்றன. சிற்றூரிலிருந்து சென்ற ஒரு மாணாக்கர் ஓவியம் கற்றுத் தமிழெழுத்திற்கு அழகு சேர்த்தார். ஓவியப் படிப்பால் தமிழுக்கு என்ன ஊதியம் என்பார்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமா?

சோற்றுக்கு என்ன வழி என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. குனிந்து பறித்துக் குனிந்து பிரித்த தாய் கேட்கும் கேள்வி அது. அதனை இகழ்தல் கூடாது. ஓவியப் பட்டம் பெருஞ்செல்வத்தை உறுதி செய்யும் என்று எவரும் பொய்யுரைக்க வேண்டா. ஆயின் எது உறுதி செய்கின்றது? 2019 ஆகசுட்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 உருபா என்னும் உச்சத்தைத் தொட்டது. அடுத்த ஈராண்டு மூவாண்டிற்குள் 1,000 உருபாவை ஒட்டி வீழ்ந்தது. மலையை நம்பினார் அவ்வாறு ஏறி இறங்கினர். பொறியியல் பட்டத்தை நம்பிக் கடன்பட்ட குடும்பங்களின் நிலையும் ஊரறிந்ததே. ஓவியம் கற்றவர்க்கு அச்சுத்துறை உண்டு, ஆடைத்துறை உண்டு, அருங்காட்சியகம் உண்டு, திரைத்துறை உண்டு, நூல்வடிவமைப்பு உண்டு. யாவற்றிற்கும் மேலாகப் பள்ளியில் ஓவிய ஆசிரியப் பணி உண்டு. உண்டென்று சொல்லும்போதே நா கூசுகின்றது.

ஏன் கூசுகின்றது? ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலியவற்றைக் கற்பிக்க 2012-இல் தமிழ்நாட்டரசு 16,549 பகுதிநேர ஆசிரியரைத் திங்கள் ஒன்றுக்கு 5,000 உருபா ஊதியத்தில் அமர்த்தியது. பின்னர் அவ்வூதியம் சிறிது சிறிதாக உயர்ந்தது. ஆயினும் நிலைப்பணி கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்று போராடும் நிலை வந்தது. கணக்கு முழுநேரம், அறிவியல் முழுநேரம், கண்ணும் கையும் மட்டும் பகுதிநேரம்! ஓவிய ஆசிரியரை அரைப்பணியாளராக வைத்திருக்கும் நாட்டில், ஓவியம் படிக்கப் போகும் மகளைத் தாய் தடுப்பாளாயின் குற்றம் தாயினதன்று. அவளை அவ்வாறு அஞ்ச வைத்த ஏற்பாட்டினது.

ஆகலின் செய்யத்தக்கன இவை. ஒன்று: ஏலமலைச் சாரலின் பள்ளிகள் உட்பட ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முழுநேர ஓவிய ஆசிரியரை அரசு அமர்த்த வேண்டும். மலைச்சாரல் சிற்றூரில் பிறந்த குழந்தைக்கும் தன் கையில் கோடு ஒன்று உயிர்பெறுவதைக் காணும் உரிமை உண்டு. இரண்டு: வைகைக் கரையில் அரசின் கவின்கலைக் கல்லூரி ஒன்று எழ வேண்டும். போடி அரண்மனைச் சுவரும் பரங்குன்றமும் மதுரையும் அதன் வகுப்பறைகளாகட்டும். மூன்று: கவின்கலை கற்பிக்கும் கல்லூரிகள், கிறித்தவருடையவாயினும் அரசினுடையவாயினும், மாணாக்கர் தம் ஆய்வேட்டைத் தமிழில் எழுத இசைவளிக்க வேண்டும், கலைவரலாற்றில் தமிழக ஓவியத்தைத் தமிழ்நூல் வழியே கற்பிக்க வேண்டும். கல்லூரி நடத்துவோர் இதனை மறுப்பாரென்று முன்கூட்டியே பகைப்பது அறிவன்று. மறைமலையடிகளுக்கு இடமளித்த மரபினர் அவர். கேட்கும் முறையில் கேட்டால் செவிசாய்ப்பர்.

நான்காவது தமிழன்பர் தம் கையாலேயே செய்யத்தக்கது. ஊர்தோறும் தமிழ்மன்றம் வைத்திருப்போர் ஆண்டுவிழாவின் மாலைக்கும் துண்டுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால், ஓவியம் கற்கும் ஒரு மாணவிக்கு ஓராண்டிற்கான வண்ணமும் தாளும் துகிலிகையும் வாங்கிவிடலாம். தமிழ்ப்புலவர் ஒருவரும் ஓவியர் ஒருவரும் ஓராண்டு சேர்ந்தமர்ந்தால் கலைச்சொற் கையேடு ஒன்று ஆகிவிடும். அவ்வாறு அமரும்போது நூல்களை மட்டும் புரட்டாமல், ஏலக்காய் பிரிக்கும் பெண்களையும் தறிநெய்வாரையும் சாயம் தோய்ப்பாரையும் மண்பொம்மை செய்வாரையும் கேட்டு எழுதுவாராக. நிறங்களின் தமிழ்ப்பெயர்கள் அவர்கள் வாயில் இன்னும் உயிரோடு உள. அவர்கள் மறைந்தபின் தேடினால் கிடைக்கமாட்டா.

மலைவிளைவை இறக்கக் கொண்டுவந்த மதுரை–போடி இருப்புப்பாதை 1928-இல் திறக்கப்பட்டது. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக அது மூடப்பட்டு, பன்னீராண்டிற்கு மேல் ஊர் காத்திருந்தது. 2023 சூன் 15-ஆம் நாள் சென்னையையும் போடியையும் இணைக்கும் இருப்பூர்தி ஓடத் தொடங்கியது. இரவில் போடியில் ஏறும் ஒரு மாணவி மறுநாள் காலை சென்னையில் இறங்கலாம். ஏலமூட்டைகளை வெளியூர்க்கு அனுப்பக் கற்ற ஊர், தன் பெண்ணை எழுதுகோலோடு அனுப்பவும் கற்கட்டும். கடல் விண்மீன் என்னும் பெயர்கொண்ட கல்லூரிக்கே அவள் செல்லட்டும். ஆங்கிலத்தில் கற்பிப்பதையும் ஐயமறக் கற்கட்டும். ஆயின் செல்லும்போது பெட்டியில் ஒரு தமிழ்க் கையேடு இருக்கட்டும். அதனை எழுதித் தருவது தமிழர் கடன்.

ஒருநாள் அவள் திரும்பி வருவாள். உலர்ந்த காய்க் குவியலின் முன் அமர்ந்திருக்கும் தாயை அவள் எழுதுவாள். அப்படத்தில் எத்தனைப் பச்சை உள என்று தாய் எண்ணிச் சொல்வாள். ஒவ்வொன்றிற்கும் மகள் பெயர் சொல்வாள். பரங்குன்றத்து மண்டபத்தில் அன்று நின்ற மக்கள் சுவரைச் சுட்டித் தமிழில் வினவித் தமிழில் விடைபெற்றது போல, அவ்வீட்டுத் திண்ணையிலும் வினாவும் விடையும் தமிழிலேயே நிகழும். அந்நாள் வரும்வரை ஓவியம் தமிழர் கலை என்று மேடையில் சொல்லிக்கொள்ளும் உரிமை எவர்க்கும் முழுமையாக இல்லை. அவள் எழுதுக, எழுதுதற்குத் தமிழர் துணைநிற்க!